துண்டுக்குள் மூன்று விரல்

காலை ஐந்து மணி இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒரு காளையின் மூச்சு. டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளையாக ஒன்று கிளம்பியது, சற்று நின்றது, கலைந்தது. அதன் பிறகுதான் மூக்கு தெரிந்தது, பிறகு கொம்பு, பிறகு கயிற்றைப் பிடித்திருந்த கை. மார்கழிப் பனி சந்தைப்பேட்டையின் தரையோடு படுத்திருந்தது. மாடுகளுக்குக் கால்கள் இல்லை. ஆட்கள் பனிக்கு மேலே நகர்ந்து போனார்கள். எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்தது. யார் பேசுகிறார், யார் சும்மா மூச்சு விடுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வடமதுரையைத் தாண்டி வியாழக்கிழமைகளில் கூடும் சந்தை அது. என் காதுக் கருவிகள் இரண்டும் சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பாவுக்குள் இருந்தன. சந்தையில் அவற்றை மாட்டிக்கொள்வதில்லை. அவற்றுக்குத் தராதரம் தெரியாது. ஆடு கத்துவது, ஆள் பேசுவது, லாரியின் பின்கதவு விழுவது எல்லாவற்றையும் ஒரே அளவில் மண்டைக்குள் கொட்டும். கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சில்வண்டு மட்டும் மிஞ்சும். அது சில வருஷங்களாக நிற்காமல் கத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் பழகிவிட்டேன்.

என் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு தகர உண்டியல்.

உண்டியல் ஒரு பெண்ணின் போக்குவரத்துக்கானது. தாடிக்கொம்பைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். நாற்பதைத் தொடவில்லை. பூக் கட்டுகிறவள். சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை திண்டுக்கல்லுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மிஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு திரும்ப வேண்டும். அங்கே செலவு இல்லை. வந்து போவதுதான் பாடு. மினி பஸ், பிறகு டவுன் பஸ், பிறகு நடை. போகும்போது மூச்சு வாங்கும், வரும்போது தலை சுற்றும். ஐப்பசியில் ஒருநாள் திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்திலேயே விழுந்தாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளை விட ஆரம்பித்தாள். டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "தண்ணி நெஞ்சுல ஏறிருச்சுன்னா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல."

நாங்கள் என்றால் ஏழெட்டுப் பேர். பெயர்ப்பலகை கிடையாது. ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போய்விட்டு வந்த பிறகு கூடுவோம். எழுந்து நடமாட முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. அதற்காகக் கையேந்துவது அதைவிடப் பெரிய வேலை.

நான் ஒரு பத்திரிகையில் மாவட்டச் செய்தியாளனாக இருந்தவன். காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போனது. அடுத்து செல்போன் மணி. அடுத்து மெய்யெழுத்துகள். க, ச, ட, த எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. உயிரெழுத்துகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. ஆ, ஊ, ஏ என்று ஊர் என்னிடம் தூக்கத்தில் பேசுவதுபோலப் பேசுகிறது. மிச்சத்தை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். உதட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பானாவுக்கும் மானாவுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். பணம், மணம் இரண்டும் எனக்கு ஒன்று. விவசாயி ஒருவர் வருத்தத்தோடு தன் பயிரைப் பற்றிச் சொல்லும்போது நான் சிரிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

போனில் செய்தி வாங்க முடியாதவனுக்குப் பத்திரிகையில் நாற்காலி இல்லை. வீட்டுக்கு வந்தேன். தூங்கினேன். கனவில் எனக்குக் காது கேட்கும். ஓட்டில் மழை விழுவது, பக்கத்து அறையில் யாரோ சாவியைத் தேடுவது எல்லாம் துல்லியமாகக் கேட்கும். விழித்தால் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் எது விழிப்பு, எது கனவு என்பதையே சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டால் கனவு.

டீச்சர்தான் உண்டியலைக் கையில் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். எங்கள் குழுவில் ஒரு பழைய மாட்டுத் தரகர் இருக்கிறார். எழுபது வயது. என்னைப் 'பேப்பரு' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே பக்கத்துக் கடையில் டீ குடித்தபடி என்னைக் கவனித்துவிட்டு வந்து, என் முகத்துக்கு நேராக நின்று சொன்னார்:

"ஏப்பா பேப்பரு, இப்பப் போனானே பச்சைச் சட்டை, அவன் ஒன்னய என்னா கேட்டான் தெரியுமா?"

"நல்லா இருங்கன்னாரு."

"'ஒடம்பு இம்புட்டுக் கல்லு மாதிரி இருக்கே, ஒழைச்சுத் தின்னா என்னா'ன்னு கேட்டான். நீ 'ரொம்ப சந்தோசம்ணே'ங்குற!"

"காசு போட்டாரா?"

"அதான வேடிக்கை. நீ சொன்ன சொல்லுக்குக் கூசிப்போயி பத்து ரூவாயப் போட்டுட்டுப் போறான்."

இந்த வேலைக்கு நான் தோதானவன் என்று அன்று முடிவாயிற்று. திட்டினால் எனக்குக் கேட்காது.

கார்த்திகைக் கடைசியில் நானும் டீச்சரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். வெயில் சாய்ந்த நேரம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பூ, எதிரும் புதிருமாக இரண்டு பூ, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின. பாதங்கள் வீங்கியிருந்தன. பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் கால்வாசித் தண்ணீர். மாலை வரைக்கும் அதுதான் அவளுக்கு அளவு. வாய் காய்ந்திருந்ததால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். அதனாலேயே அவள் பேச்சு முழுவதும் எனக்குப் புரிந்தது.

இடது முன்கையில், ஊசி ஏற்றத் தோதாக ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தோலுக்கடியில் அது தாம்புக்கயிறு போலத் தடித்து வளைந்து போனது.

"தொட்டுப் பாருங்க டீச்சர். இரையும்" என்றாள். "இரைஞ்சாத்தான் கொழா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். தெனமும் முழிச்சதும் முத வேலையா இதத் தொட்டுப் பாத்துக்கிருவேன்."

டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணனையும் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. காது கேக்காதுன்னீங்களே. இது கேக்கும்."

விரல் நுனியை வைத்தேன். கேட்டது. அச்சகத்தில் மிஷின் ஓடும்போது மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு நடுக்கம் வந்துகொண்டிருக்கும், அதே நடுக்கம். மெய்யெழுத்து இல்லாத, முடியாத ஒரு சொல். என் சில்வண்டு அந்தச் சமயம் கத்தியதா என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் வீட்டுக் கூடத்தில் பேச்சு முழுக்க அவளுக்கு வண்டி ஏற்பாடு செய்வது பற்றித்தான். டவுனில் எல்லோரிடமும் கேட்டு முடித்தாயிற்று. சந்தையில் கேட்கலாம் என்றார் தரகர். ஸ்கேன் பண்ணிப் பணம் போடுகிற அட்டையும், கூடவே அந்தப் பேசும் பெட்டியும் வைக்கலாமா என்று டீச்சர் கேட்டார்.

"வைக்கவே வைக்காதீங்க டீச்சரம்மா. அந்தப் பொட்டி ஊருக்கே கத்தும். அம்பது ரூவா போட்டவன் அடுத்த வாரம் சந்தையில தலை காட்டுவானா? ஐநூறு போட்டவன் வருசம் பூராம் அதயே சொல்லிக்கிட்டுத் திரிவான்." தோளில் கிடந்த துண்டை உதறினார். "துண்டப் போட்டு வாங்குவோம்."

மாடு விலை பேசும் முறை அது. வாங்குபவர் கையும் விற்பவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. நூறா, ஆயிரமா என்பதை மட்டும் வாயால் சொல்வார்கள். அதை யார் கேட்டாலும் பாதகமில்லை. எண் துண்டுக்குள்ளேயே இருக்கும். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வது மட்டும் பெரிய குற்றம்.

"நான் துண்டப் பிடிச்சா ஒருத்தனும் கை குடுக்க மாட்டான். நாப்பது வருசமா இவிங்க வெரல அமுக்கியே பொழைச்சவன் நானு. பேப்பரு பிடிக்கட்டும். செவிடங்கிட்டச் சொன்ன ரகசியம் கெணத்துல போட்ட கல்லு."

"நூறா ஆயிரமான்னு வாயில சொல்லுவாங்கன்னீங்களே, தம்பிக்கு அது எப்பிடிக் கேக்கும்?" என்றார் டீச்சர்.

"நான் பக்கத்துலயே நிப்பேன்ல?"

அப்படித்தான் நான் அந்த வியாழக்கிழமை பனிக்குள் நின்றேன். தரகர் ஒரு மரப்பெட்டியில் ஏறி நின்று வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு அவரே சொன்னார். கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார். "ஒரு பொம்பளப்புள்ள. வாரத்துல மூணு தடவ ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் உசுரு. பஸ்ஸுல போக ஏலல. யாரு எம்புட்டுக் குடுத்தீங்கன்னு எவனுக்கும் தெரியாது. வாங்குற ஆளுக்கே காது கேக்காது!"

கைகள் வந்தன. நான் முகங்களை அதிகம் பார்க்கவில்லை. துண்டுக்குள் வந்த கைகள்தான் இன்றும் நினைவில் இருக்கின்றன. கயிறு அறுத்துக் காய்த்த கை. பால் கறந்து பதமான கை. ஐஸ்போல ஒரு கை. மோதிர விரலில் பாதி இல்லாத ஒரு கை, இருக்கிற விரல்களைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. ஒரு கை எந்த விரலையும் பிடிக்காமல் என் கையைச் சும்மா பிடித்திருந்துவிட்டுப் போனது. நூறு என்றால் உதடு குவியும். ஆயிரம் யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் சொன்னதை உண்டியலில் போட்டார்கள். பனியில் எல்லாம் மெதுவாக நடந்தது. தண்ணீருக்கடியில் நின்று வேலை பார்ப்பதுபோல இருந்தது.

விடியும் நேரத்தில் தரகர் டீக்கடைப் பக்கம் போனார். அந்தச் சமயத்தில்தான் அந்த ஆள் வந்தார்.

குரங்குக் குல்லா புருவம் வரை இறங்கியிருந்தது. அதற்குக் கீழே மீசை. வாய் நிறைய வெற்றிலை. கையைத் துண்டுக்குள் விட்டு என் விரல்களில் மூன்றைச் சேர்த்து அழுத்தினார். சாறு வழியாமல் இருக்க முகவாயை உயர்த்திக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: ஊ, பிறகு நீளமாக ஒரு ஆ, கடைசியில் உதடு மூடியது.

மூவாயிரம்.

இரண்டு வழியில் விசாரித்து இரண்டும் ஒத்துப்போனால் அது செய்தி என்று எனக்குப் பத்திரிகை சொல்லிக்கொடுத்திருக்கிறது. விரல் மூன்று. வாயும் மூன்றில் தொடங்கி ஆயிரத்தில் முடிந்தது. முறையை மறந்து எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வழி அவரையே கேட்பது. எண்ணை வாய்விட்டுக் கேட்டால் பிறகு துண்டு எதற்கு? கேட்கவில்லை.

அவர் புருவத்தை உயர்த்தி எதையோ கேட்டார். எங்கே, எப்போது என்றுதான் இருக்க வேண்டும். "திங்கக்கிழம காலையில திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நிப்பேண்ணே. அங்க வாங்க" என்றேன். தலையை ஆட்டினார். உண்டியலில் எதையும் போடாமல் பனிக்குள் போனார். முதலில் கால் மறைந்தது, பிறகு முதுகு. குல்லா கொஞ்ச நேரம் தனியாகப் போனது.

பஸ்ஸில் திரும்பும்போது தரகரிடம் ஆளின் அடையாளத்தை மட்டும் சொன்னேன். அவர் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"அவனா? ஆட்டு வண்டி ஓட்டுறவன். வண்டிக்கு டியூ கட்ட முடியாம அவன் தலையிலயே துண்டு கெடக்கு. ஒந்துண்டுக்குள்ள எங்கிட்டிருந்துய்யா போடுவான்?"

"சொல்லியிருக்காரே."

"சொல்லுவான். நீ கேட்டயாக்கும்?"

பணம் வரும் என்று டீச்சர் நம்பினார். தெரிந்த ஆட்டோக்காரரிடம் பேசினார். முன்பணம் கைக்கு வந்ததும் வண்டியை எடுக்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஞாயிறு மாலை என் போனுக்குச் செய்தி அனுப்பினாள்: "அண்ணே படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தே தூங்குறேன். நாளைக்கு ஆட்டோ வருமா?"

"வரும்" என்று அனுப்பினேன்.

திங்கள் காலை பஸ் ஸ்டாண்டில் கருவிகளை மாட்டிக்கொண்டு நின்றேன். மதுரை வண்டிக்கும் பழனி வண்டிக்கும் ஆள் கூப்பிடுகிறவர்கள் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். குரங்குக் குல்லா கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. அதே வெற்றிலை. எனக்கு உடம்பு லேசாயிற்று. உண்டியலை நீட்டினேன்.

அவர் உண்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நடந்ததை நான் முழுதாக எழுத முடிவது அவர் வண்டியில் போகும்போது அதை எனக்குக் கத்திக் கத்தித் திரும்பச் சொன்னதால்தான்.

"ஆளு எங்க?"

"ஆமாண்ணே, அன்னைக்குத் துண்டு பிடிச்சது நாந்தான்."

"யோவ், ஆளு எங்கய்யா?"

"சில்லறையா இருந்தாலும் பரவால்லண்ணே. போடுங்க."

"வண்டியும் என்னுது, டீசலும் என்னுது, இதுல உண்டியல்ல வேற போடணுமா? நல்லாருக்குய்யா ஒங்க தர்மம்!"

"ரொம்ப சந்தோசம்ணே."

சுற்றி நின்றவர்கள் சிரித்ததை நான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். என் தோளிலிருந்த துண்டை உருவினார். பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டின் நடுவில், என் கையை இழுத்துத் துண்டைப் போட்டு மூடினார்.

விரல் கணுக்களைத் தொட ஆரம்பித்தார். ஆள்காட்டி விரலின் மேல் கணு: திங்கள். அடுத்த கணு: செவ்வாய். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு கிழமையை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, வாயை அகலமாகத் திறந்து சொன்னார். ஏழாவது கணுவில் ஞாயிறு வந்தது. அங்கே ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். இப்போது வாயில் வெற்றிலை இல்லை. கீழுதடு மேல்பல்லைத் தொட்டது.

வாரம். மூணு வாரம்.

"பொங்க வரைக்கும்" என்றார். "ஐயப்பனுக்கு மாலை போட்ட சீசனு. எவனும் கறி திங்கல. வண்டி சும்மாதான் நிக்கிது. எங்கிட்டக் காசு இல்ல, வண்டி இருக்கு. அந்தப் புள்ள எங்க?"

டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன். பழைய பழக்கத்தில் அது தலைப்புபோல அமைந்துவிட்டது: "பணம் இல்லை. வண்டி." அவர் ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பினார். அதற்குள் நாங்கள் கிளம்பியிருந்தோம்.

அவள் புடவை கட்டி, பையை மடியில் வைத்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தோள் இரண்டும் மூச்சுக்காக ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"நேரமாயிருச்சுண்ணே. இன்னைக்கு வேணாம். புதங்கிழம பாத்துக்குவம்."

"வண்டி வந்திருக்கும்மா."

எட்டிப் பார்த்தாள். பின்னால் இரும்புக் கம்பி கட்டி, பக்கவாட்டில் ஆட்டுத் தலை வரைந்த சின்ன லோடு வண்டி. கழுவி விட்டிருந்தது. வாசனை போகவில்லை.

"ஆட்டு வண்டியிலயா?"

குல்லாக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "இதுல ஏறுன உருப்படி ஒண்ணுகூட இன்ன வரைக்கும் வீடு திரும்புனதில்ல தங்கச்சி. மொத மொத நீதான் திரும்பப் போற. ஏறு, வண்டிக்கு ராசி மாறட்டும்."

பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும் வரை நாங்கள் காத்திருந்தோம். பிறகு எழுந்து, கதவைப் பிடித்து ஏறினாள்.

முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் பின்னால், ஆடுகள் நிற்கும் இடத்தில் நின்றேன். தரையில் நாலைந்து புழுக்கைகள் உருண்டன. காற்றுக்குக் கருவிகளில் பேரிரைச்சல் வந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஓரம் எல்லாம் பூத்தோட்டம். மிச்சப் பனி செடிகளின் அடியில் கிடந்தது. யாரோ குனிந்து பறித்தார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள், கையை ஆட்டினார்கள். தூரத்தில் சிறுமலை நீலமாக, நகராமல் எங்களோடு வந்தது. இதைக் கனவில் கண்டிருந்தால் சத்தம் இருந்திருக்கும். பின்கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. குல்லாக்காரரின் தாடை நிற்காமல் அசைந்தது. கம்பியைப் பிடித்திருந்தேன். உள்ளங்கையில் வண்டி இரைந்துகொண்டிருந்தது.

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மோப்பம் பிடித்ததுபோல மூக்கைச் சுருக்கினாள். பிறகு அவளைக் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள். மத்தியானத்துக்கு மேல் வெளியே வந்தபோது அவள் முகத்தில் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. படுத்துக்கொண்டே மூச்சு விட முடிந்தது என்று சொன்னாள்.

பொங்கல் வரை அவர் வந்தார். ஒரு நாளும் விடவில்லை. இரண்டாவது வாரத்தில் முன்சீட்டுக்கு ஒரு பழைய தலையணை வந்தது. தை பிறந்ததும் மாலைகள் கழன்றன. ஊர் கறி தின்ன ஆரம்பித்தது. ஆடுகள் வண்டிக்குத் திரும்பின. அவள் திரும்பவும் மினி பஸ்ஸில் போனாள். அந்த வார வெள்ளிக்கிழமையை விட்டாள்.

அடுத்த வியாழன் துண்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனோம். தரகர் மரப்பெட்டியில் ஏறினார். இந்தத் தடவை நான் கருவிகளைக் கழற்றவில்லை. இரைச்சலுக்கு நடுவே அவர் குரலில் ஒரு பகுதி எனக்கே வந்து சேர்ந்தது.

"ரூவா வேணாம்ப்பா! பேப்பரு அண்ணன் காதுல ரூவா ஏற மாட்டேங்குது. வண்டி வெச்சிருக்கவன் வாரம் குடுங்க! யாரு எத்தன வாரம்னு துண்டுக்குள்ள சொல்லுங்க!"

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆடு ஏற்றி வந்தவை, வைக்கோல் ஏற்றி வந்தவை, தேங்காய் ஏற்றி வந்தவை என்று வண்டிகள் சாலையோரம் வரிசையாக நின்றிருந்தன. ஓட்டிகள் வந்தார்கள். பெரும்பாலும் ஒரு விரல். ஒருவர் இரண்டைப் பிடித்துவிட்டு, யோசித்து, ஒன்றை விட்டார். நான் விரலைப் பிடித்தபடி ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்டேன்: "வாரமா?" எண்ணைக் கேட்பதுதானே குற்றம்.

எல்லா வாரமும் நிரம்பவில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு ஊரே நடந்து போன வாரம் ஒருவரும் கிடைக்கவில்லை. அவள் பஸ்ஸில் போய் வந்து, இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வண்டிக்காரர் ஒருவர் "ஏனுங்க, சாயங்காலம் போனாத் தோதுப்படுங்களா?" என்று கேட்டு, முடியாது என்றதும் வருத்தப்பட்டுப் போனார். போன மாதம் அவள் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். இரைந்தது.

இந்த வாரம் தக்காளி வண்டி.